பத்து மாத ராஜா

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களின் வரிசை நீளமானது. கோன்கள் என்று வழிவழிச் செய்தி சொல்லும் ஆயர் குலத் தலைவர்கள், விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானின் தளபதிகள், சிவாஜி, அவர் மகன் ராஜாராம், அவுரங்கசீபின் படைத்தலைவர்கள், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அது போகிறது. நாயக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். ஆனாலும் அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் போகிற யாரிடமும் அது யார் கோட்டை என்று கேட்டால், முதலில் வாயில் வருகிற பெயர் ராஜா தேசிங்கு.

தேசிங்கு அங்கே இருந்தது சுமார் பத்து மாதம். பெயர் தேஜ் சிங். குடும்பம் வட இந்தியாவின் புந்தேல்கண்டைச் சேர்ந்தது. தாய்மொழி தமிழ் இல்லை. 1714 அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதிக் களத்தில் விழுந்தபோது வயது இருபத்திரண்டு என்று சொல்வார்கள். ராஜா என்பது புந்தேலக் குடும்பங்களில் வழங்கிய பட்டம். செஞ்சிக்கு அவர் ராஜா என்று டெல்லி ஒருநாளும் சொன்னதில்லை. கோட்டைத் தலைவர் என்கிற கிலேதார் பதவியைக்கூட அவருக்கு முறைப்படி உறுதிசெய்யவில்லை.

டெல்லி கொடுக்காததை ஊர் கொடுத்தது. அது எப்படி நடந்தது என்று பார்த்தால், அதிகாரம், வெற்றி, கோட்டை, ஊர்ப்பெயர் என்று நாம் கெட்டியான உண்மைகளாக நினைக்கிற பலவும் எதன்மேல் நிற்கின்றன என்பது தெரியவரும்.

கதை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. தேசிங்கின் தந்தை ஸ்வரூப் சிங்கை 1700 வாக்கில் அவுரங்கசீபின் அரசு செஞ்சிக்குக் கிலேதாராக நியமித்தது. முகலாய முறையில் பதவி குடும்பச் சொத்து ஆகாது. பதவியில் இருப்பவர் இறந்தால் பதவியும் அதற்கு ஈடாகக் கொடுத்த வருவாயும் பேரரசுக்கே திரும்பும். மகனுக்கு அது வேண்டுமென்றால் புதிதாக உத்தரவு வாங்க வேண்டும். அரியணையில் புதியவர் ஏறினால் பழைய உத்தரவுகளையும் புதுப்பித்துக்கொள்வது நல்லது. விதி இப்படி இருந்தாலும் நடைமுறை பல இடங்களில் வேறாக இருந்தது. ராஜபுத்திரக் குடும்பங்கள் தந்தைக்குப் பின் மகன் என்று இருந்துவந்தன. பேரரசும் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாமல் ஒப்புதல் கொடுத்துவந்தது. விதிக்கும் வழக்கத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியில்தான் தேசிங்கு மாட்டிக்கொண்டார்.

அவர் வந்த காலமும் மோசமான காலம். 1707-இல் அவுரங்கசீப் இறந்தார். பிறகு ஆறே ஆண்டுகளில் பகதூர் ஷா, ஜகாந்தர் ஷா, பரூக் சியார் என்று மூன்று பேர் அரியணை ஏறினார்கள். செஞ்சியை மராட்டியரிடமிருந்து பிடித்த பெரிய தளபதி சுல்பிகார் கானே 1713-இல் பரூக் சியாரின் ஆணைப்படி கொல்லப்பட்டார். யார் கையெழுத்து செல்லும், யாருடையது செல்லாது என்பதே தெளிவாக இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில்தான் தந்தை இறந்த செய்தி கேட்டுப் புந்தேல்கண்டிலிருந்து கிளம்பி வந்த இளைஞர், இறுதிச் சடங்குகளை முடித்துவிட்டுக் கோட்டையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

நவாபு தரப்பு இரண்டு கேள்விகளை வைத்தது. ஸ்வரூப் சிங் பத்து ஆண்டுகளாகக் கட்டாத எழுபது லட்சம் ரூபாய் பாக்கி எங்கே? புதிய பேரரசரின் உத்தரவு எங்கே? தேசிங்கு ஒரே பதிலைச் சொன்னார்: என் தந்தைக்கு அவுரங்கசீப் கொடுத்த பர்மான் என்கிற அரசாணை இருக்கிறது, அது போதும்.

இரண்டு தரப்பும் ஒரே காகிதத்தைத்தான் பார்த்தன. ஒருவருக்கு அது கோட்டை. மற்றவருக்கு வெறும் பழைய தாள். அந்தத் தாளில் இருந்த மையும் முத்திரையும் மாறவில்லை. அதைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டிருந்தவர்களின் கூட்டம்தான் கலைந்துபோயிருந்தது. இன்றைக்கு நம் பையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டின் நிலைமையும் அதுவே. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவித்ததற்கு முன்னும் பின்னும் அந்த நோட்டின் காகிதத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதை வங்கி வாசலில் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அறிவார்கள்.

நவாபின் பதவியும் இதே மாதிரியான ஒப்புதலில்தான் நின்றது. சாதத்துல்லா கானும் நியமனம் பெற்று வந்த அதிகாரியே. பதவி பரம்பரையாகாது என்ற விதியைத் தேசிங்கிடம் காட்டிய அவர், 1732-இல் இறந்தபோது ஆற்காடு அவருடைய சகோதரர் மகன் தோஸ்த் அலி கானுக்குப் போனது. விதி அப்போதும் இருந்தது. அதை எடுத்துக் காட்டுகிற அளவு வலிமையோடு யாரும் இல்லை. அதனால் ஒருவர் குடும்பத்துக்கு நவாபுப் பட்டம் நிலைத்தது, இன்னொருவர் குடும்பம் ஒரே பகலில் அழிந்தது. வரலாற்று நூல்கள் முன்னவரை நவாபு என்றும் பின்னவரைக் கலகக்காரர் என்றும் எழுதின. செய்த காரியத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சண்டை நீண்ட நேரம் நடக்கவில்லை. நவாபிடம் ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தார்கள். தேசிங்கிடம் சில நூறு பேர். கோட்டைக்குள் இருந்துகொண்டு தாக்குப்பிடிக்கலாம் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்காமல் சங்கராபரணி ஆற்றைக் கடந்து வெளியே வந்து மோதினார் என்று கதை சொல்கிறது. நண்பர் மகபத் கானும் அதே போரில் இறந்தார். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளத்தின் கரையில் இருக்கும் மேடையை அந்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

கோட்டையை விட்டு ஏன் வெளியே வந்தார் என்று கேட்கத் தோன்றும். செஞ்சி யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்பது அன்றும் இன்றும் ஊரறிந்த பேச்சு. சிவாஜி அப்படிச் சொன்னதாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர்கள் இதைக் கிழக்கின் டிராய் என்றார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் கோத்துக்கொண்டு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடும் மதிலைக் கீழே நின்று பார்க்கிற யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் கடைசியில் பாறைப் பிளவு ஒன்றைப் பாலத்தால் கடக்க வேண்டும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் தொட முடியாது.

ஆனால் இந்தக் கோட்டை கைமாறிய விதத்தைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. 1677-இல் சிவாஜிக்கு இது கிடைத்தது, பீஜப்பூர்த் தளபதிக்குப் பணமும் வருவாய் தரும் ஜாகீரும் தருவதாகப் பேசி முடித்ததால். 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. ராஜாராம் தப்பிப் போன பிறகுதான் கோட்டை விழுந்தது. அந்த முற்றுகையை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் பீம்சேன். புந்தேலத் தலைவர் தள்பத் ராவின் கீழ் பணியாற்றிய அவர் பாரசீக மொழியில் நினைவுக் குறிப்புகள் எழுதினார். சுல்பிகார் கான் மனம் வைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். சுல்பிகார் கானுக்கும் ராஜாராமுக்கும் உள்ளூர ஒரு புரிதல் இருந்தது என்று பின்வந்த ஆய்வாளர்களும் கருதுகிறார்கள். தளபதிக்குப் போர் நீடிப்பது லாபம். போர் முடிந்துவிட்டால் வடக்கே வேறு போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிறகு 1750 செப்டம்பர் 11 இரவு வந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறிய படையோடு தாக்கி, விடிவதற்குள் கோட்டையைப் பிடித்துவிட்டார். எட்டு ஆண்டு விழாத கோட்டை ஒரே இரவில் விழுந்தது. மலை அதே மலை, மதில் அதே மதில். பிடிக்க முடியாது என்ற பேச்சை நம்பிக் காத்துக்கிடக்க புஸ்ஸிக்கு எந்தக் காரணமும் இல்லை.

அதற்காக மதில் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. கருங்கல் கருங்கல்தான். அது யார் ஒப்புதலையும் கேட்டு நிற்கவில்லை. குண்டு பட்டால் உயிர் போவதும், முற்றுகையில் அரிசி தீர்ந்தால் பசிப்பதும் அப்படியே. ஆனால் அந்தக் கல்லை யாருடைய கோட்டை, வெல்ல முடிந்ததா முடியாததா, யார் அதன் அரசர் என்று சொல்கிற பகுதி முழுவதும் மனிதர்கள் கூடி உண்டாக்கியது. பீட்டர் பெர்கர், தாமஸ் லக்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1966-இல் எழுதிய ஒரு நூல் இதைத்தான் விரிவாகப் பேசியது. மனிதர்கள் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்குகிறார்கள்; அது அவர்களை மீறி நிலைத்து நிற்கத் தொடங்குகிறது; அடுத்த தலைமுறை அதற்குள்ளேயே பிறந்து, இயற்கையாகவே இருக்கும் ஒன்றாக அதை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். உலகம் முழுக்கச் சமூகக் கட்டமைப்புவாதம் என்று பேசப்பட்ட அந்தக் கருத்துக்குச் செஞ்சியைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தேசிங்கு எப்படி ராஜா ஆனார் என்பதற்கு இனி வரலாம்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. மலிவான தாள், கொட்டை எழுத்து, சத்தம்போட்டுப் படிப்பதற்கென்றே அச்சிட்டவை. சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை வரிசையில் தேசிங்குராஜன் கதையும் நின்றது. பல பதிப்புகளில் ஆசிரியர் பெயர் புகழேந்திப் புலவர் என்றே அச்சாகியிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்தி தேசிங்கு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பாடியவர் யார் என்று பெயர் தெரியாத கதைகளையெல்லாம் அவர் தலையில் வைப்பது அன்றைய பதிப்பு வழக்கம். வாங்கியவர்களும் அதைப் பிரச்சினையாக நினைக்கவில்லை.

அந்தக் கதையில் வரும் தேசிங்குக்கும் பாக்கிக் கணக்கில் வரும் தேஜ் சிங்குக்கும் தூரம் அதிகம். டெல்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று வருகிறது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தந்தை சிறைப்படுகிறார். மகன் டெல்லி போய்க் குதிரையை அடக்கித் தந்தையை மீட்டுக்கொண்டு வருகிறான். குதிரையின் பெயர் பாராசாரி. நண்பனின் பெயர் மோவுத்துக்காரன். மகபத் கான் என்ற பெயர் பாடிப்பாடி அப்படி ஆகியிருக்கிறது. போர்ச் செய்தி வரும்போது அவன் தன் கல்யாண வேலையில் இருக்கிறான்; போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவருகிறான். பேரரசின் விதிகள், மூன்று பேரரசர்கள், எழுபது லட்சம் எல்லாம் கதையில் ஓரத்துக்குப் போய்விட்டன. மானம், நட்பு, குதிரை, இளம் சாவு மட்டும் நடுவில் நிற்கின்றன.

இந்தக் கதையை இவ்வளவு சீக்கிரம் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள இந்த வட்டாரத்துக்கு முன்பே பழக்கம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு படுகளத்தைப் பார்க்க வேண்டும்.

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் இருதயம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-இல் வந்தது. அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருக்கும் கோயிலை முதல் திரௌபதி கோயில் என்று பக்தர்கள் கொண்டாடுகிறார்கள். பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் முடிந்து, கடைசியில் ஒரு காலைப்பொழுதில் படுகளம் நடக்கும். கோயில் வெளியில் மண்ணைக் குவித்து, பல அடி நீளத்துக்குத் துரியோதனனைப் படுத்த வாக்கில் செய்திருப்பார்கள். மார்புக்கும் கிரீடத்துக்கும் வண்ணம் பூசியிருக்கும். தொடைப் பக்கத்தில் செந்நீர்ச் சட்டி ஒன்று மறைத்து வைத்திருக்கும். இராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு வேடக்காரர்கள் அந்த மண்ணுடலைச் சுற்றி ஓடி ஆடுவார்கள். பீமன் கதாயுதத்தால் தொடையை அடிப்பான். செந்நீர் தெறிக்கும். அம்மனின் விரித்த கூந்தல் முடியப்படும். கூட்டம் கலையும்போது பலர் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

முதல் நாள் வண்டியில் வந்து இறங்கிய மண் அது என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். குவித்தவர்களே அவர்கள்தாம். ஆனால் அந்தக் காலையில் அது துரியோதனன்; அந்தத் திடல் குருக்ஷேத்திரம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஊர் கூடி ஏற்றுக்கொண்டதால் அது அப்படி ஆகிறது. அதனால் அழுகையும் உண்மையான அழுகையாக வருகிறது. பிறகு அந்த ஒரு பிடி மண் சாதாரண மண்ணாகத் திரும்ப மாறுவதுமில்லை.

இந்த மண்ணில் வளர்ந்த காதுகளுக்குத் தேசிங்கு ஒரு புதிய ஆளாகப் பட்டிருக்கவே முடியாது. புதுமணம் ஆன இளைஞன், பெரும்படைக்கு எதிரே தனியாளாக நுழைகிறான், திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் அபிமன்யுவுக்காக அழுத ஊர் அது. வடக்கேயிருந்து வந்த புந்தேலக் கிலேதாரின் மகனை நம்ம ராசா என்று சொல்ல அதற்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை. முஸ்லிம் நண்பன் கூடவே சாவதிலும் வியப்பு இருக்கவில்லை. இந்தப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் முத்தால ராவுத்தரைக் கும்பிட்டுத்தான் அவர்கள் உள்ளே போகிறார்கள். கதைக்கும் வழிபாட்டுக்கும் இப்படி உறவு இருந்திருக்கும் என்பது ஊகமே. ஆனால் கதை வேரூன்றிய நிலம் இதுதான் என்பதில் ஐயமில்லை.

கதை பிறகு கல்லையும் மாற்றியது. செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து எடுத்த ரங்கநாதர் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் குடைவரை. பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாள், இருபது அடிக்கு மேல் நீளம். அர்ச்சகர் தீபத்தை உயர்த்திப் பாதத்திலிருந்து முகம் வரைக்கும் காட்டும்போது, தலை நேராக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். போருக்குப் போக உத்தரவு கேட்டு வந்தார் தேசிங்கு. போகாதே என்று சொல்லும் வகையில் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பம்தான் இது என்று சொல்வார்கள்.

சிற்பி அந்த முகத்தைச் செதுக்கியதற்கும் தேசிங்கு போருக்குக் கிளம்பியதற்கும் இடையே சுமார் ஆயிரம் ஆண்டுகள். கணக்குப் பார்த்தால் கதை நிற்காது. ஆனால் அந்த இருட்டறையில், தீப வெளிச்சத்தில், கதையை ஒருமுறை கேட்டுவிட்டவரின் கண்ணுக்கு அந்தச் சாய்வு வெறும் சிற்ப அமைதியாகத் தெரிவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையனைத் தடுக்க முடியாமல் முகம் திருப்பிய கடவுளே தெரிகிறார். ஒரு சமூகம் தன் துயரத்தை வைக்க இடம் தேடி, ஏற்கெனவே இருந்த ஒரு கல்லில் வைத்துவிட்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. தோற்றவனுக்காக ஒரு ஊர் முந்நூறு ஆண்டு துக்கம் காப்பது சின்ன விஷயமில்லை.

வென்றவர் என்ன செய்தார்? சாதத்துல்லா கான் செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் கட்டினார். 1717–18-இல் எழுந்த அந்தக் கட்டடம் தேசிங்கை வென்றதன் நினைவாக அமைந்தது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. கல்லும் அவருடையது, எழுத்தும் அவருடையது, அரசும் அவருடையது. இருந்தும் கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நவாபின் பெயரைக் கேட்டதே தேசிங்கின் கதை வழியாகத்தான். வெற்றியைக் கல்லில் வெட்டிவைத்தவர் தோற்றவரின் கதையில் ஒரு பாத்திரமாக மிஞ்சியிருக்கிறார். 1960-இல் எம்.ஜி.ஆர். ராஜா தேசிங்கு படத்தில் நடித்தபோது, செஞ்சியைப் பார்த்தே இராத தென்கோடி ஊர்களுக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது.

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை இருக்கிறது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதைக் கேட்டு மனம் இளகிய நவாபு, அவர் நினைவாக அந்தப் பேட்டையை உண்டாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. 2019-இல் வேலூரைப் பிரித்தபோது ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. ஆதார் அட்டையிலும் பத்திரத்திலும் இன்று லட்சக்கணக்கானோர் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். எதிரி ஆற்காட்டின் பக்கத்திலேயே தேசிங்கின் வீட்டுப்பெண்ணுக்கு ஒரு மாவட்டம் அமைந்துவிட்டது.

பெயர் வைப்பது அரசின் உரிமை. அதை நிலைக்கவைப்பது அரசின் கையில் இல்லை. சுல்பிகார் கானின் நுஸ்ரத் ஜங் என்ற பட்டத்தை வைத்து முகலாயர்கள் இந்த ஊரை நுஸ்ரத்கட் என்றார்கள். உத்தரவுகளில் அப்படித்தான் எழுதினார்கள். ஊரார் வாயில் அது ஒட்டவில்லை; செஞ்சி செஞ்சியாகவே இருந்தது.

கல்லும் பொருள் மாறி மாறிப் போயிருக்கிறது. கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில் நாயக்கர் காலத்துப் பெரிய கோயில். அதன் அழகான கல்தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். கோயில் தூண்களாகப் பிறந்து, வென்றவர் நகரத்துக்கு அலங்காரமாகப் போய், இப்போது தேசத்தந்தைக்குக் காவல் நிற்கின்றன. மாலையில் அங்கே காற்று வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அவற்றைச் செஞ்சியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்?

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நம் கண்முன் எழுதப்படுகிறது. 2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. 1921 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாகக் காக்கப்பட்டுவந்த கோட்டைக்கு உலக அரங்கில் இடம் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. பராமரிப்பும் பயணிகள் வரவும் கூடும் என்றால் செஞ்சியின் வியாபாரிகளுக்கும் நல்லது.

ஆனால் அந்தத் தலைப்பு ஒரு தீர்ப்பையும் உள்ளே வைத்திருக்கிறது. மராட்டியர்கள் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை. மதிலைப் பலப்படுத்தியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ராஜாராம் இங்கிருந்து மராட்டிய அரசையே நடத்தினார் என்பதும் பெரிய செய்தி. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் அந்தத் தலைப்பில் இல்லை. கோன்களைப் பற்றிய செய்தி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி மெக்லியாடு கேட்டுக்கொண்டதால் நாராயணன் என்பவர் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரத்தைப் பெரிதும் சார்ந்தது. ராஜகிரிக்கு ஆனந்தகிரி என்று பெயர் தந்த ஆனந்தக் கோனும், அடுத்த குன்றில் கோட்டை எழுப்பிய கிருஷ்ணக் கோனும் அதில்தான் வருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் எழுதிய செஞ்சி வரலாறும் அந்தச் சுவடியை நிறையப் பயன்படுத்தியது. இன்று கண்ணில் படும் பெரிய கட்டடங்களில் பல நாயக்கர் காலத்தவை.

உலகப் பட்டியலில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதன் வேகம் பெரிது. வழிகாட்டிப் புத்தகம், பாடநூல், பயண நிறுவனத்தின் துண்டறிக்கை, கைப்பேசி வரைபடம் எல்லாம் அதையே திரும்பச் சொல்லும். இன்னும் முப்பது ஆண்டில் பிறந்து வளர்கிற பிள்ளைக்குச் செஞ்சி மராட்டியக் கோட்டை என்பது சூரியன் கிழக்கே உதிப்பது போல இயல்பான செய்தியாக இருக்கும். பேரரசின் பட்டியலில் ஏறாத ஒருவரை ராஜாவாக நிறுத்திக் காட்டிய ஊர் இது. தன் கோட்டையின் முழுக்கதையையும் நிறுத்திக்கொள்ள அதற்கு வலிமை உண்டு. ஆனால் திண்ணையில் ராகம் போட்டுப் படிப்பவர்கள் இன்று இல்லை. பெரிய எழுத்துப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைகளில் மக்குகின்றன. கதை சொல்கிற வாய்கள் குறைந்தால், அச்சிட்டவர் சொன்னதே மிஞ்சும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. கோட்டைக்குள் வைக்கும் பலகைகளில் கோன்களின் வழிவழிச் செய்தி, நாயக்கர் கட்டடங்கள், ராஜாராமின் எட்டு ஆண்டுகள், நவாபின் பள்ளிவாசல் கல்வெட்டு, தேசிங்கின் கதை எல்லாம் தமிழில் அருகருகே இடம்பெற வேண்டும்; எது கல்வெட்டுச் சான்று, எது மக்கள் சொல்வது என்று பிரித்தும் காட்ட வேண்டும். தேசிங்குராஜன் கதையின் பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்த்து எல்லோரும் படிக்கும்படி மின்வடிவில் வைக்க வேண்டும். செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்கியதோடு திரும்பிவிடாமல், சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் சிங்கவரத்தையும் மேலச்சேரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மதில் கட்டியவர்கள் எல்லோர் பெயரையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.